முக்கால் குளம்

செடி வளரும், பிள்ளை வளரும், ஊர் வாயில் விழுந்த பேச்சு வளரும். மண் திட்டு வளர்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் குப்பத்துக் குளத்தில் ஒன்று வளர்ந்தது. அதை முதலில் பார்த்தது தாங்கள்தான் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம்தான் குளக்கரை. வேலியில் ஓலை கட்டிய நாள் முதல் அதில் ஒரு ஓட்டையும் உண்டு. அதை அடைக்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் மணல்மேட்டுக்கும் நடுவில் இருக்கிற குளம் அது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதே பெரிய காரியம். முந்தின வருஷத்துப் புயல் மேட்டு மணலை வாரிக்கொண்டுவந்து அதற்குள் கொட்டிவிட்டுப் போனது. கோடையில் குளம் தட்டையாகி, மூலையில் ஒரு ஊற்றுக்குழி மட்டும் மிஞ்சியது. மனுக் கொடுத்து, நடையாய் நடந்து, கடைசியில் செங்கற்பட்டு ஆபீஸ் இரங்கியது. குளத்தை ஆள் முழுகும் ஆழத்துக்குத் தூர் வார வேண்டும், ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவுக்குப் பின்னாலேயே ஹமீதும் வந்தான்.

ஹமீது மதுராந்தகத்துக்காரன். மாமன் சுலைமானின் அரிசி மண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து வளர்ந்தவன். அது பிடிக்காமல், சொந்தப் பேரில் எடுத்த முதல் காண்ட்ராக்ட் இந்தக் குளம். பெண்டாட்டி ஹபீபாவையும் கூட்டிவந்து என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடி வைத்தான். வந்த மறுநாளே வேலி ஓரத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ ஒன்றிரண்டு கேட்டிருப்பேன்.

"இந்தக் கொளம் நல்லபடியா முடிஞ்சா, மெயின் ரோட்லேர்ந்து உங்க குப்பத்துக்கு ரோடு போடுற வேலையும் இவருக்குத்தானாம் அக்கா. முடியலன்னு வெச்சிக்கோங்க, மறுபடி மாமா கடை மூட்டை மேலதான் குந்தணும். மாமா வேற சொல்லி அனுப்பிட்டாரு, 'மூட்டைய தட்டி வெச்சிருக்கேன், எப்ப வேணா வா'ன்னு."

"நல்ல மாமா" என்றேன்.

"சிரிச்சிகினேதான் சொல்வாரு. அதான் பேஜாரு."

வேலை தொடங்கிய அன்றைக்கு ஓவர்சீயர் கோதண்டராமன் செங்கற்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்தார். குடையும் டேப்பும் கையில். குளத்தின் நடுவில் ஒரு முறம் அகலத்துக்குக் கோடு கிழித்து, "இந்த இடத்தை மட்டும் வெட்டக் கூடாது" என்றார். சுற்றி மண்ணை எடுத்துவிட்டால் பழைய தரை எங்கே இருந்தது என்று அப்புறம் யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் நடுவில் ஒரு தூண் மாதிரி மண்ணை விட்டுவைப்பது. திட்டின் தலை பழைய தரை. அடி, தோண்டிய தரை. தலையிலிருந்து அடிவரை அளந்தால் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். யாரும் பொய் சொல்ல முடியாது என்றார் ஓவர்சீயர். இப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

இன்னொன்றும் செய்யச் சொன்னார். கரையில் ஒரு பலகை நட்டு, வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரிகிற மாதிரி எழுதிவைக்க வேண்டும். ஹமீது ஒரு மூங்கில் கழியில் நாலு சிவப்புப் பட்டை அடித்தான். வாரா வாரம் திட்டின் பக்கத்தில் கழியை நிறுத்தி, தலை எந்தப் பட்டைக்கு வருகிறதோ அதைப் பலகையில் சுண்ணாம்பால் எழுதுவான். ஆனி கடைசியில் 'கால்' என்று எழுதினான். ஆடியில் 'அரை'. ஊரே கரையில் நின்று பலகையைப் படித்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துச் சொன்னேன்.

இதற்கு நடுவில்தான் வச்சலா வீட்டுக் கருவாடு காணாமல் போனது.

வச்சலா மீன்கூடை சுமப்பவள். வாய் கொஞ்சம் நீளம். காயவைத்த கருவாட்டை எதிர்வீட்டுப் பொன்னிதான் எடுத்தாள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பொன்னி சத்தியம் செய்கிறேன் என்றாள். எங்கள் குப்பத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதில்லை. கடற்காற்றில் சூடம் தானாகவே அணைந்துவிடும். பொய் சொன்னவனுக்கும் அணையும், மெய் சொன்னவனுக்கும் அணையும். அதனால் எங்களுக்குக் குளம்தான். குளத்துத் தரையில் ஈரமண் ஒரு பிடி அள்ளி, "இந்தத் தண்ணி குடிச்ச நாக்கால சொல்றேன்" என்று சொல்லி, அதே தரையில் வைத்து உள்ளங்கையால் தட்ட வேண்டும். அதற்குமேல் யாரும் பேசக் கூடாது.

இப்போது குளத்துத் தரை முழுக்க வண்டியேறிப் போய்விட்டதே. பழைய தரை என்று மிச்சம் இருப்பது நடுத் திட்டின் தலை மட்டும்தான். பொன்னி இறங்கிப் போனாள், ஒரு பிடி அள்ளினாள், திட்டின் தலையில் வைத்துத் தட்டினாள், வந்துவிட்டாள். வச்சலா வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னா அக்கா பண்றாங்க?" என்று ஹபீபா கேட்டாள்.

சொன்னேன். "ஓ" என்றாள். மறுபடி பருப்பில் கல் பொறுக்கினாள்.

பொன்னியைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். சத்தியம் தேவைப்படாத வாரம் எங்கள் குப்பத்தில் ஏது? வலையை அறுத்தது யார், தென்னங்கீற்றை இழுத்தது யார், மாமியாரைப் பற்றி அப்படிச் சொன்னது யார்? நானும் ஒரு தடவை போய்வந்தேன். அது ஒரு கோழி விஷயம், இங்கே வேண்டாம்.

ஆவணி பிறந்தபோது எனக்கு முதலில் சந்தேகம் தட்டியது வச்சலாவின் ஆட்டால். அந்த ஆடு எதன்மேலும் ஏறும். திட்டின் ஒரு பக்கம் ஏறிப்போக விட்டிருந்த மண்சரிவு வழியாக அதன் தலைமேல் ஏறி நின்றுகொள்வது அதற்கு வழக்கமாகிவிட்டது. ஆடியில் என் வேலி ஓட்டை வழியாகப் பார்த்தால் கரைக்கு மேலே அதன் காது மட்டும் தெரியும். ஆவணியில் முகம் தெரிந்தது. பிறகு தாடியும் தெரிந்தது. ஆடு வளர்ந்திருக்கிறதா என்று வச்சலாவிடம் கேட்டேன்.

"கெழட்டு ஆடுக்கா அது. இனிமே இன்னாத்த வளரப் போவுது?"

"அப்ப திட்டுதாண்டி வளந்திருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். ஓட்டையில் கண்ணை வைத்து ஆட்டைப் பார்த்தாள். அன்று சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வச்சலாவிடம் சொன்னால் தண்டோரா போட வேண்டியதில்லை.

அதே வாரம் ஹமீது பலகையில் 'அரை'யை அழித்து 'முக்கால்' என்று எழுதினான். எழுதிய கையோடு, வேலை வேகமாகப் போகிறது என்று பாதி ஆட்களைப் படாளத்துக்கு நடவு வேலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். ஊர் சும்மா இருக்குமா?

"ஆளே இல்ல. பலகை மட்டும் வேலை செஞ்சிகினு கீது" என்றாள் வச்சலா. "நான் எறங்கித் தண்ணி மொண்டுகினு வர்ற பள்ளம் போன மாசம் எப்டி இருந்துச்சோ அப்டியேதான் கீது. இதுல முக்காலாம்."

குப்பத்துத் தலைவர், நாட்டார் மாயவன், நேராக ஹமீதிடமே போனார். மாயவன் பேசினால் எதிரில் இருப்பவர் இரண்டடி பின்னால் நகர்வார்கள். குரல் அப்படி.

"பாய், திட்டு ஒசந்துகினே போவுதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. திட்டுத் தலையில மண்ணப் போட்டா, அடியில தோண்டாமலே ஆழம் வந்துடுமாமே."

ஹமீது கழியைக் காட்டினான். "கழி சொல்லுது நாட்டாரே. நான் சொல்லல."

"கழி யார் கையில கீது?"

ஹமீதின் முகம் சிவந்தது. பொய்க்கும் முகம் சிவக்கும், கோபத்துக்கும் சிவக்கும் என்பதால் அதிலிருந்து எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த தடவை ஓவர்சீயர் வந்தபோது வேடிக்கையாக இருந்தது. மாயவன் அவரைப் பனைமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், காண்ட்ராக்டர் திட்டை உயர்த்துகிறார் என்று குசுகுசுத்தார். மாயவனின் குசுகுசு என் வேலிவரை கேட்கும். ஹமீது அவரைப் பலகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். ரோடு வேலை மாயவனின் மச்சானுக்குப் போகவேண்டும் என்பதற்காக ஊர்க்காரர்களே திட்டில் கைவைக்கிறார்கள் என்றான். ஓவர்சீயர் பஸ்ஸுக்கு நடக்கும்போது வச்சலா கூடையோடு ஒட்டிக்கொண்டு போய், இரண்டு பேருமே கூட்டு என்று சொல்லிவிட்டு வந்தாள். மனுஷர் ஒரே நாளில் மூன்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போனார். மூன்றும் மூன்று குளத்தைப் பற்றி. அவர்மேலும் எனக்கு ஒரு கண் இருந்தது. ஹமீது வெட்டிக் கொடுத்த இளநீர் இரண்டையும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மாயவன் காவல் போட்டார். வீட்டு முறை வைத்து, வேளைக்கு இரண்டு பேர் கரையில் உட்கார வேண்டும். யாரும் திட்டுப் பக்கம் மண்வெட்டியோ கூடையோ கொண்டுபோகக் கூடாது. காவல்காரர்களை யார் நம்புவது என்று வச்சலா கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் முறை முடிந்து எழுந்திருக்கும்போது, "நானும் தொடல, தொட்டவனையும் பாக்கல" என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு.

காவல் போட்ட பிறகுதான் திட்டு இன்னும் வேகமாக உயர்ந்தது. ஆட்டின் கழுத்து தெரிந்தது, முன்னங்கால் தெரிந்தது. புரட்டாசியில் முழு ஆடும் வானத்தில் நின்றது. ஒரு கூடை மண்ணை யாராவது சுமந்துபோனதை எவரும் பார்க்கவில்லை. பாதி ஊர் பேய் என்றது. மீதி ஊர், ஹமீது மதுராந்தகத்திலிருந்து ஏதோ மந்திரம் கற்று வந்திருக்கிறான் என்றது. ஹமீதுக்குத் தோசைமாவு கரைக்கக்கூடத் தெரியாது என்று ஹபீபா என்னிடம் சொல்லியிருந்தாள். மந்திரம் எங்கே கற்றிருப்பான்?

அவள் முன்போலப் பேசுவதில்லை. வேலி ஓரம் வந்து உட்காருவாள், கரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், "அக்கா, ஊர்ல எல்லாரும் இவர்தான்னு சொல்றாங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாரும்னு சொல்ல முடியாது. மூலை வீட்டு ஆராயிக்குக் காது கேக்காது."

அவள் சிரிக்கவில்லை.

புரட்டாசி கடைசியில் ஹமீது 'முக்கால்' என்பதை அழித்து 'முழுதும்' என்று எழுதினான். கழியின் நாலாவது பட்டையும் திட்டுத் தலைக்குக் கீழே போய்விட்டது. முடிவு அளவு எடுக்க ஓவர்சீயர் வந்தார். மேகம் கடல் பக்கம் கருத்து நின்றது. ஊர் முழுக்கக் கரையில் கூடியது. ஹபீபா மட்டும் வெளியே வரவில்லை. என் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; ஓட்டையை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் கரைக்குப் போனேன்.

கோதண்டராமன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவு வழியாகத் திட்டுக்கு ஏறினார். ஆடு நகர மறுத்தது. வச்சலா வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டேப்பின் நுனியைத் திட்டின் தலையில் ஆணியால் குத்திவிட்டு, மற்ற முனையை அடிக்கு இறக்கினார். குனிந்து படித்தார். மறுபடி படித்தார்.

"நான் கேட்டதைவிட ஆழம் அதிகமா இருக்கு" என்றார்.

"கூடுதலா போட்டுக் குடுத்திருக்கார் போல, தர்மவான்" என்றாள் வச்சலா.

ஓவர்சீயர் அடியில் இறங்கி நின்றார். கையை மேலே தூக்கிப் பார்த்தார். கரையில் நின்றவர்களைப் பார்த்தார். ஆழமான பள்ளத்தில் நிற்கிற மனுஷரைப் போல அவர் தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் தோள்வரை நன்றாகத் தெரிந்தது.

"மிஸ்டர் ஹமீது, இங்க வாங்க." குரல் மாறியிருந்தது. "திட்டுல மண் ஏத்தியிருக்கு. ஏத்தினது நீங்கதான்னா நான் ஒரே ஒரு வரி எழுதினாப் போதும். இந்த ஜில்லாவுல உங்க பேர்ல ஒரு மண்வெட்டியும் எறங்காது. ரோடு வேலைய விடுங்க, கிணத்து மேடை கட்டக்கூட ஆர்டர் கெடைக்காது. சொல்லுங்க, ஏத்தினீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப யாரு?"

"ஊரே காவல் காத்துது. அவங்களைக் கேளுங்க சார்."

மாயவன் முன்னால் வந்தார். "எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் சத்தியம் பண்ணிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் பாக்கி. பண்ணட்டும் சார். அதுக்கு மேல நான் ஒரு வார்த்த பேசல."

"பண்றேன்" என்றான் ஹமீது. "அல்லா மேல சத்தியமா..."

"உங்க சாமி மேல நீங்க பண்றது உங்களுக்கும் அவருக்கும், பாய். தண்ணி எங்க கொளத்துத் தண்ணி. எங்க மொறப்படி பண்ணுங்க."

ஹமீது நின்றான். என் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அங்கே ஓலையும் இரண்டு விரலும் மட்டும்தான் தெரிந்தன. "அல்லா பேரச் சொல்லித்தான் பண்ணுவேன். மண்ண வேணா உங்க மொறப்படி வெக்கிறேன்" என்றான். மாயவன் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

ஹமீது குனிந்து ஈரமண்ணை அள்ளினான். திட்டுக்கு ஏறினான். "அல்லா அறிய, இந்தத் திட்டை ஒசத்தச் சொல்லி நான் யாருக்கும் சொல்லல, என் கையால ஒசத்தவும் இல்ல" என்று சொல்லி, மண்ணைத் திட்டின் தலையில் வைத்து உள்ளங்கையால் தட்டினான்.

டேப்பின் நுனி அந்த மண்ணுக்குள் போய் மறைந்தது.

கோதண்டராமன் டேப்பைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். ஹமீதும் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"இப்ப என்னய்யா பண்ணீர்?" என்று கேட்டார் ஓவர்சீயர்.

"சத்தியம் பண்ணேன் சார்."

"இந்த ஊர்ல சத்தியம்னா எல்லாரும் இப்படித்தானா?"

"ஆமா சார்" என்றார் மாயவன், கொஞ்சம் பெருமையாகவே.

"வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து எத்தனை பேர் பண்ணியிருப்பீங்க?"

பொன்னி வச்சலாவைப் பார்த்தாள். வச்சலா மாயவனைப் பார்த்தாள். காவல் இருந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள். சத்தியம் செய்யாத ஒரே ஜீவன் அந்த ஆடுதான்; அது பலகையை நக்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்குத் தோன்றாமல் போனது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். சத்தியம் என்றால் சத்தியம், மண் என்றால் மண். ஒருவன் சத்தியம் வைத்துவிட்டுப் போகும்போது அவன் மண் வைத்துவிட்டுப் போகிறான் என்று யார் நினைப்பார்கள்? கூடையும் மண்வெட்டியும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளங்கையை யார் பார்த்தார்கள்?

ஓவர்சீயர் ஒரு மண்வெட்டி கேட்டார். மேலே இருப்பதை வழித்துவிட்டு அளக்கப் போகிறாராம்.

"அத எடுத்துட்டா பொன்னி பண்ண சத்தியம் இன்னா ஆவறது?" என்றாள் வச்சலா. "கருவாட்டுக் கணக்கு மறுபடி மொதல்லேர்ந்தா?"

"எடுத்துத்தான் பாக்கட்டுமே. எனக்கு இன்னா பயமா?" என்றாள் பொன்னி.

"வலை விஷயம் வெளிய வரும்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கூட்டம் சலசலத்தது. திட்டை வழித்தால் அன்றைக்கே ஊர் நாலாக உடைந்துவிடும் என்று மாயவனுக்குத் தெரிந்தது. "கையெடுத்துக் கும்புடறேன் சார், தலையில மட்டும் கை வெக்காதீங்க" என்றார்.

கோதண்டராமன் அந்த மாதிரித் திட்டைத் தன் சர்வீஸிலேயே பார்த்திருக்க மாட்டார். பெருமூச்சு விட்டுவிட்டு, பக்கவாட்டில் மட்டும் மெல்லிசாகச் சீவச் சொன்னார். சீவியதும் தெரிந்தது. கீழே பழைய மண், அதன்மேல் காய்ந்த புல் வேர் ஒரு கோடாக ஓடியது. அந்தக் கோட்டுக்கு மேலே முழுக்க உள்ளங்கை மண். விரல் பதிந்த தடங்கள் அடுக்கடுக்காய், ஊரே கைநாட்டு வைத்த மாதிரி. புல் வேர்க் கோட்டிலிருந்து அளந்தார். பலகையில் 'முழுதும்' என்பதைத் தானே துடைத்துவிட்டு, 'முக்கால்' என்று எழுதினார்.

பிறகு ஆபீஸ் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். திட்டு உயர்ந்ததற்குக் காரணம் எழுத வேண்டுமே. பேய் என்று எழுத முடியாது, சத்தியம் என்றும் எழுத முடியாது. கடைசியில், 'ஊர் மக்களின் ஒத்துழைப்பால் அளவுத் திட்டு சிறிது உயர்ந்துவிட்டது, காண்ட்ராக்டர்மீது குற்றமில்லை, மீதி வேலை மழைக்குள் முடியும்' என்று எழுதி, சத்தமாகப் படித்தும் காட்டினார். அந்தக் காலத்தில் மக்கள் ஒத்துழைப்பு என்றால் செங்கற்பட்டில் சந்தோஷப்படுவார்கள்.

மழைக்குள் முடியவேண்டும் என்றால் ஆள் வேண்டும். ஹமீதின் ஆட்களில் பாதிப் பேர் படாளத்து வயலில் இருந்தார்கள். "நம்ம மண்ணாலதான் பள்ளம் கொறஞ்சுது. நாமதான் வெட்டணும்" என்றார் மாயவன். கடலும் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் கட்டுமரம் இறக்க முடியாமல் ஆண்கள் சும்மாதான் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரன் சரியாக வெட்டுகிறானா என்று பார்த்துக்கொண்டே வெட்டியதால் வேலை சுத்தமாக நடந்தது. பெருமழைக்கு முன்பே ஓவர்சீயர் வந்து, புல் வேர்க் கோட்டிலிருந்து அளந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ரோடு வேலை ஹமீதுக்கே கிடைத்தது. மாமன் சுலைமான் தட்டிவைத்த மூட்டை தட்டியபடியே இருக்கட்டும்.

எல்லாம் சரி. எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஹமீது திட்டை உயர்த்தச் சொல்லவில்லை, கையாலும் உயர்த்தவில்லை. சத்தியம் அவ்வளவுதான். உயர்கிறது என்று தனக்குத் தெரியாது என்று அவன் சொல்லவே இல்லை. அவன் பெண்டாட்டியோ ஆனி முதல் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தியத்தையும் பார்த்தவள். பருப்பில் ஒரு கல்லை விடாத கண் அவளுக்கு. அவள் வீட்டில் போய் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலா இருந்திருப்பாள்?

மழை ஓய்ந்த ஒரு நாள் வேலி ஓரத்தில் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"நீங்களுந்தான் அக்கா பாத்துகினு இருந்தீங்க" என்றாள், பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்னு தோணுது. தெரியாதுன்னா சத்தியம் பண்ணு, பாப்போம்."

ஹபீபா வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். குளம் கரைவரை நிரம்பி, திட்டு இருந்த இடம்கூடத் தெரியாமல் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"எங்கக்கா பண்றது?" என்றாள். "கொளம்தான் ரொம்பிடுச்சே."